கள ஊழியரின் கைக்கணிப்பொறி: நிலப்பட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கள ஆய்வுக்குச் செல்லும் ஊழியர் பெரும்பாலோரின் சட்டைப்பையில் இன்று ஒரு கைக்கணிப்பொறி இருக்கின்றது. வழக்கில் அதனைக் கைபேசி என்கிறோம். ஆயினும் பேசுதல் அதன் பணிகளுள் ஒன்றேயாகும். புவிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வானொலிச் சைகைகளை ஏற்று, தான் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அது கணித்துக் கூறுகின்றது. திறந்த வெளியில் அக்கணக்கின் பிழை சாதாரணமாக ஐந்து மீட்டர் அளவினதே. ஒரு தலைமுறைக்கு முன்னர் தாம் நிற்குமிடத்தை அறியக் காந்த ஊசியும், நிலப்படமும், அவற்றைக் கையாளும் நல்ல பயிற்சியும் வேண்டியிருந்தன.

எனினும், இரண்டு எண்கள் மட்டும் கையில் இருப்பதால் பயன் யாது? அவ்வெண்களை ஒரு நிலப்படத்தின்மீது வைத்துக் காட்டுவதும், வழி கூறுவதும், பிற்காலத்திற்கெனக் குறித்து வைப்பதும் மென்பொருளின் வேலை. இத்தகைய மென்பொருள்கள் பல இன்று கிடைக்கின்றன. "இவற்றுள் எது சிறந்தது?" என்று ஊழியர்களும் ஆசிரியர்களும் வினவுகின்றனர். வேலை இன்னதென்று தெரியாமல் அவ்வினாவிற்கு விடை கூற இயலாது. ஆகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தெலங்கானா மாநிலத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருத்தலாகாது. மிகுமாயின் சிறுவர்களின் பற்களில் கறை தோன்றும். நாளடைவில் எலும்புகளும் கேடுறும். அத்தகைய பகுதியில் ஒரு கிராமத்தில் இரண்டு அடிபம்புகள் அறுபது மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் நீர் குடிக்கத் தக்கது; மற்றதன் நீர் தகாதது. ஊழியர் இரண்டிலும் நீர் மாதிரி எடுத்து, இடங்களைக் குறித்துக்கொண்டு, புட்டிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகின்றார். ஒரு மாதம் கழித்து வேறோர் ஊழியர் அக்குறிப்பை நம்பிச் சென்று, தகாத பம்பிற்குச் சிவப்பு வண்ணம் பூசுகின்றார். குறிப்பில் நூறு மீட்டர் பிழை இருப்பின் எந்தப் பம்பு சிவப்பாகும்? அக்கிராமத்துப் பெண்கள் எதிலிருந்து குடத்தை நிரப்புவார்கள்? மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல் என்பது இங்கே வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று.

வேலையும் கருவியும்

மேற்கூறிய ஊழியருக்கு இரண்டு வேறு வேலைகள் உள்ளன. ஒன்று, கிராமத்தைச் சென்றடைதல். மற்றொன்று, பம்பின் இடத்தையும் அதன் விவரங்களையும் பதிவு செய்தல். இவ்விரண்டையும் ஒரே மென்பொருள் செவ்வனே செய்யும் என எதிர்பார்ப்பதே பல தொல்லைகளுக்குக் காரணமாகின்றது.

நெடுஞ்சாலையில் வாகனத்திற்கு வழி காட்டுவதில் கூகுள் மேப்ஸ், இந்தியாவில் உருவான மேப்பிள்ஸ் ஆகியவை பழக்கப்பட்டவை. பாதை தேடி நடப்பவருக்கு ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்னும் இரண்டும் பயன்படும்; இவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்தைக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொண்டு இயங்குவன. பதிவு செய்வதற்கோ கியூஃபீல்டு, ஓ.டி.கே. கலெக்ட் போன்றவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. பம்பின் எண், ஆழம், நீர் மாதிரிப் புட்டியின் எண், புகைப்படம் ஆகிய அனைத்தையும் இடக்குறிப்போடு ஒரே படிவத்தில் சேர்க்க அவை இடந்தருகின்றன. வழிகாட்டும் மென்பொருளில் ஒரு விண்மீன் குறியை இட்டு "பம்பு 2" என்று எழுதி வைப்பதைப் பதிவு என்று கூறலாகாது. நீர் மாதிரி வேலைக்கு வழி காட்ட ஆஸ்மாண்டும், பதிவுக்குக் கியூஃபீல்டும் என இரண்டை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. அலுவலகக் கணிப்பொறியில் கியூஜிஸ் என்னும் மென்பொருளைக் கையாளத் தெரிந்தவர் ஒருவரேனும் இருந்தால்தான் கியூஃபீல்டு நன்கு பயன்படும்; அங்ஙனம் ஒருவரும் இல்லாவிடில் ஓ.டி.கே. எளிது.

படம் எங்கே உள்ளது?

கடையில் ஒரு கருவியைப் பார்க்கும்போது அதன் திரையில் படம் அழகாக விரிகின்றது. அப்படம் கருவிக்குள் இருக்கின்றதா, அன்றித் தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து அந்நொடியில் வருகின்றதா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தொலைபேசிக் கோபுரமற்ற காட்டுப் பகுதியை அடைந்ததும் வேறுபாடு புலனாகும்: வெற்றுத் திரையின் நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் நிற்கும். நீலப்புள்ளி நிற்பதற்குக் காரணம், செயற்கைக்கோள் சைகைக்கும் தொலைபேசி வலையமைப்பிற்கும் தொடர்பில்லை என்பதே. சிம் அட்டை இல்லாத கருவியும் தன் இடத்தை அறியும். வலையமைப்பு உதவினால் விரைவில் அறியும். உதவியின்றேல் சிறிது தாமதமாகும், அவ்வளவே. நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவியாயின் சில நிமிடங்கள் திறந்த வெளியில் பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் முழுச் செய்தியும் வந்து சேர்வதற்கு 12.5 நிமிடங்கள் பிடிக்கும் என்பதை நினைவிற்கொண்டால் பொறுமை உண்டாகும்.

கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியின் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். ஆனால் அங்ஙனம் இறக்கி வைத்த படத்தைக் கொண்டு அது வாகன வழியை மட்டுமே கூறும், நடைவழியைக் கூறாது. புதுப்பிக்காமல் விட்டால் குறித்த காலத்திற்குப் பின் அப்படம் காலாவதியாகிவிடும்.

இனி, அப்படத்தை வரைந்தவர் யார்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைவது. ஓர் ஊரில் கிணறும் கோவிலும் ஒற்றையடிப் பாதையும் அதில் இருக்கும். அடுத்த ஊரில் பெருஞ்சாலையைத் தவிர ஒன்றும் இராது. 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் படங்களில் நிலத்தின் மேடு பள்ளம், ஓடை, பழைய கிணறு ஆகியன ஒரே சீராகக் காணப்படும். ஆனால் தாளில் குறித்துள்ள அளவை ஆண்டிற்குப் பின் தோன்றிய சாலைகள் இரா. ஆகவே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புறப்படுதல் நலம்.

படத்தில் இருப்பது நிலத்தில் இல்லாமற்போவது இதனினும் கொடியது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், ராம்கங்கை நதியின் மேல் ஒரு பகுதி வெள்ளத்தால் இடிந்துபோயிருந்த பாலத்திலிருந்து மோட்டார் வண்டியொன்று கீழே வீழ்ந்து மூவர் உயிரிழந்தனர். அவர்கள் கருவி காட்டிய வழியே சென்றனர் என்று அந்நாளில் செய்திகள் வந்தன. பாலம் இடிந்தது நிலத்திற்குத் தெரியும், படத்திற்குத் தெரியாது. எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இக்குறை உண்டு. மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கும் வழியைப் பக்கத்து ஊரில் ஒருவரிடம் கேட்டறியாமல் செல்லலாகாது. இரவில் அறவே கூடாது.

எண்களிற் புகும் பிழைகள்

நம் ஊழியர் கிராமத்தை அடைந்து பம்பின் அருகில் நிற்கின்றார் என்க. இங்கேதான் நூறு மீட்டர் பிழைகளும் நூறு மீட்டரினும் பெரிய பிழைகளும் புகுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குச் செயற்கைக்கோள் பொறுப்பன்று.

முதலாவது, எழுதும் முறை. 16 பாகை 50 கலை என்பதைத் தசமத்தில் எழுதினால் 16.8333 பாகையாகும். அதனை 16.50 என்று ஒருவர் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் சுமார் 37 கிலோமீட்டர் தெற்கே சென்று பம்பைத் தேடுவார். மென்பொருள் எந்த முறையில் எண்ணைக் காட்டுகின்றது, அதனை மாற்ற இயலுமா, மாற்றியபின் மாறாமல் நிற்குமா என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். தசமப் பாகையை ஐந்து இலக்கம் வரை எழுதுவது நன்று. ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று என்பது வடக்கு தெற்காகச் சுமார் 1.1 மீட்டர். சில மென்பொருள்கள் ஒன்பது இலக்கங்களைக் காட்டிப் பெருமை கொள்கின்றன. அவற்றுள் பின்னுள்ள நான்கும் அலங்காரமே.

இரண்டாவது, ஆதாரத் தளம். புவி முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதன் உருவத்திற்கு எந்தக் கணித வடிவை ஏற்பது என்பதில் காலத்திற்கேற்ப முடிவுகள் மாறின. 1802-இல் சென்னையை அடுத்த பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருமுக்கோண அளவை, பின்னர் எவரெஸ்ட் 1830-இல் கணித்த வடிவைத் தழுவியது. நம் நாட்டின் பழைய நிலப்படத் தாள்கள் யாவும் அவ்வடிவின்மீது அமைந்தவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு வடிவைப் பின்பற்றுவது. இரண்டையும் மாற்றாமல் கலந்தால், தென்னிந்தியாவில் ஒரே இடத்தின் குறிப்பு நூறு மீட்டருக்கு மேல் விலகும். 1:50,000 அளவுத் தாளில் இது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலே. கண் அதனைப் பொருட்படுத்தாது. அறுபது மீட்டர் இடைவெளியிலுள்ள நம் இரண்டு பம்புகளுக்கோ அது போதுமான கேடு. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொது மக்களுக்கென வெளியான தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பின்பற்றுவன. அலுவலக அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பழைய தாள்தான். அதனை ஒளிநகல் எடுத்து மென்பொருளில் ஏற்ற விரும்புவோர், ஆதாரத் தளத்தை மாற்றும் வசதியுள்ள மென்பொருளையே கொள்ளல் வேண்டும். கியூஃபீல்டைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, உயரம். சென்னைக் கடற்கரை மணலில் நின்றுகொண்டு பார்த்தால், சில மென்பொருள்கள் கடல்மட்டத்திற்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் கூறும்! கருவி பழுதாகவில்லை. அது டபிள்யூ.ஜி.எஸ். 84-இன் கணித வடிவிலிருந்து உயரத்தை அளக்கின்றது; இந்தியப் பெருங்கடற் பகுதியில் புவியீர்ப்பு குறைந்திருத்தலால் உண்மையான கடல்மட்டம் அவ்வடிவிற்கு வெகுவாகத் தாழ்ந்திருக்கின்றது. சில மென்பொருள்கள் இதனைத் திருத்திக் காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. கிணற்றின் நீர்மட்டத்தைக் கைபேசியின் உயர எண்ணைக் கொண்டு எழுதுவது தவறு. அதற்கு மட்டக் கருவியே வேண்டும்.

பதிவுகள் கருவியிலிருந்து வெளியே வருமா என்பதையும் பார்க்க வேண்டும். ஜி.பி.எக்ஸ்., கே.எம்.எல்., சி.எஸ்.வி. எனப்படும் பொது வடிவங்களுள் ஒன்றிலேனும் கோப்பைத் தராத மென்பொருளை ஒதுக்குக. கருவி நீரில் வீழ்ந்தால் ஒரு மாத உழைப்பும் உடன் வீழும். நாவிக் சைகையைக் கொள்ளும் மென்பொருள் எது என்றும் சிலர் கேட்கின்றனர். 2013 முதல் நம் நாடு செலுத்திய நாவிக் செயற்கைக்கோள்களின் சைகையை ஏற்பதும் ஏலாததும் கருவியினுள் உள்ள சில்லைப் பொறுத்தது. மென்பொருளை மாற்றுவதால் அது வந்துவிடாது.

பள்ளி முற்றத்தில் ஒரு சோதனை

களத்திற்குச் செல்லுமுன் மென்பொருளை அறிந்த இடத்தில் சோதித்தல் அவசியம். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு நல்லதொரு பாடமாகவும் அமைக்கலாம்.

பள்ளி முற்றத்தில் மரமும் சுவரும் அணுகாத இடத்தில் ஒரு முளையை அடித்து, அதன்மேல் கருவியை வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறையாக ஒரு மணி நேரம் எண்களை எழுதச் செய்க. அவற்றைக் கட்டத்தாளில் புள்ளிகளாக இட்டால் அவை ஒரு சிறு கூட்டமாகச் சிதறி நிற்கும். அச்சிதறலின் அகலமே அக்கருவியின் உண்மையான நுட்பம்; விளம்பரத்தில் கண்ட எண் அன்று. பின்னர் வேப்பமரத்தின் கீழும், மாடிக் கட்டடச் சுவரை ஒட்டியும் இதனையே செய்க. சுவரில் மோதித் திரும்பும் சைகைகளால் புள்ளிகள் மேலும் விலகிச் சிதறுவதை மாணவர் தாமே காண்பர்.

அடுத்து, நூறு மீட்டர் நீளமும் அறுபது மீட்டர் அகலமுமாக விளையாட்டுத் திடலில் நாடாவால் அளந்து மூலைகளைக் குறிக்கவும். பரப்பு 6,000 சதுர மீட்டர். மூலைகளை மென்பொருளில் பதிந்து, அது கூறும் பரப்பைக் கேட்கவும். இணையப் படங்களுக்கென வழங்கும் மெர்க்கேட்டர் எறியத்தில், புவியின் உருண்டைப் பரப்பு தாளில் விரிக்கப்படும்போது வடக்கே செல்லச் செல்லப் பெரிதாகின்றது. அதனைத் திருத்தாமல் பரப்பைக் கணிக்கும் மென்பொருளாயின், நல்கொண்டாவில் சுமார் 6,560 சதுர மீட்டர் என்னும். டேராடூனில் 8,000-ஐத் தாண்டிவிடும். நடந்தளந்ததில் ஏற்படும் சிறு பிழையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக மிகுந்து வருமாயின் பிழை மென்பொருளினுடையது. அதனைக் கொண்டு வயல்களை அளத்தல் கூடாது.

இறுதியாக, வலையமைப்பைத் துண்டித்துவிட்டு, முன்பு பதிந்த முளையின் இடத்தைத் தேடிச் செல்லுமாறு ஒரு மாணவனிடம் கருவியைக் கொடுக்கவும். முளையைப் பிடுங்கி, அதன் இடத்தை ஆசிரியர் மட்டும் அறியுமாறு வைத்திருத்தல் வேண்டும். "வந்து சேர்ந்தாய்" என்று கருவி கூறுமிடத்தில் அவன் ஒரு கல்லை வைக்கட்டும். பத்து மாணவர் வைத்த பத்துக் கற்களுக்கும் முளை இருந்த குழிக்கும் இடையேயுள்ள தூரங்களை நாடாவால் அளந்து, கருவியின் பெயரும் மென்பொருளின் பெயரும் நாளும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும்.