சட்டம் அறிவோம்: கவனக்குறைவு என்பது எது?

"விபத்தில் அடிபட்டால் நஷ்ட ஈடு கிடைக்குமா?" என்று சங்க அன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அடிபட்டது மட்டும் போதாது என்பேன். எதிர்த்தரப்புக்குக் கவனமாக நடக்க வேண்டிய கடமை இருந்தது, அதில் தவறினார்கள், அந்தத் தவறால்தான் நமக்குக் காயம் ஏற்பட்டது ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கு நிற்காது.

நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக அடிபட்டவருடையது. இதற்கு விதிவிலக்கான வழக்கு ஒன்று நம் தில்லியிலேயே நடந்தது. சாந்தினி சௌக்கில் டவுன் ஹால் எதிரே இருந்த மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்து பலர் மாண்டனர். மூவரின் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தார்கள். வெளியே தெரியாத பழுதுக்குத் தான் பொறுப்பல்ல என்றது மாநகராட்சி. ஆனால் மணிக்கூண்டின் வயது சுமார் 80. அதில் பூசிய காரையைப் பார்த்தால் ஆயுள் 40, 45 ஆண்டுகளே. முறையாகச் சோதித்ததற்குச் சான்றும் இல்லை. சாலையோரக் கட்டடம் இப்படி விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, இல்லையென்று காட்ட வேண்டியது உடைமையாளரே என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடிபட்டவரும் கவனம் தவறியிருந்தால்? அந்த அளவுக்குத் தொகை குறையும், வழக்கே போய்விடாது.

ஆகவே மருத்துவச் சீட்டு, ரசீதுகள், போலீஸ் புகார் நகல், சாட்சிகளின் விலாசம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காலவரம்பு உண்டு, தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள். சாலை விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், நாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். அயலூர் என்று ஒதுங்கி உரிமையை விட்டுவிடாதீர்கள்.