குட்டி லிங்க்கை அமுக்கலாமா?



காசிமேட்டுல வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2025-ல அந்த நாட்களுக்கு அரசு தந்த நிவாரணம் 8,000 ரூபாய். போன தடைக்காலத்தில் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ்: "நிவாரணம் வராதவர்கள் உடனே பதிவு செய்யவும்." கீழே ஒரு பிட்.லி லிங்க். படகுக்குப் போற அண்ணன் ஒருத்தர் போனை நீட்டி, "தம்பி, அமுக்கலாமா?"ன்னு கேட்டார். வீட்டுல அரிசி வாங்குற காசு. "வேணாம்ணே"ன்னு சும்மா சொல்லிட முடியாது, ஒருவேளை நிஜமா இருந்தா?

குட்டி லிங்க் என்பது மூடின ஐஸ் பெட்டி. உள்ளே இருக்கிற நிஜ முகவரியை அந்த கம்பெனியோட கம்ப்யூட்டர் ஒரு பட்டியலில் வெச்சிருக்கும், நீங்க தொட்டதும் அங்கே திருப்பி விடும். அவ்வளவுதான். மீன் வாங்குறவங்க மூடியைத் திறந்து செவுளைப் பார்க்காம விலை பேசுவாங்களா?

இதுக்கும் மூடி இருக்கு. பிட்.லி லிங்க்கோட கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டு பிரவுசரில் திறந்தா, எங்கே போகுதுன்னு காட்டும். டைனியூஆர்எல்னா முன்னாடி 'பிரிவியூ.' சேர்க்கணும். அண்ணனோட லிங்க்கைத் திறந்தோம். முகவரி 'டிஎன்-ஃபிஷரீஸ்'னு அழகா ஆரம்பிச்சு, 'டாட் டாப்'னு முடிஞ்சுது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கிற வால் பகுதிதான் உரிமையாளர் பெயர். முன்னாடி என்ன வேணா எழுதிக்கலாம். தமிழக அரசுத் தளம்னா அந்த வால் பெரும்பாலும் 'டிஎன்.ஜிஓவி.இன்'னு இருக்கும், ஜிஓவி.இன் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் தருவாங்க. கோயில் தரிசன முன்பதிவு, தைப்பூச நேரலைன்னு வர்ற லிங்க்குக்கும் இதே கணக்குதான்.

(ஒரு சின்ன தகவல்: '.எல்ஒய்' லிபியா நாட்டோட குறியீடு. 2010-ல 'விபி.எல்ஒய்' என்ற குட்டி லிங்க் சேவையோட முகவரியையே லிபியா பறிச்சுக்கிச்சு.)

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில சேவைகளில் லிங்க்கை உருவாக்கினவர் போய்ச்சேரும் இடத்தை அப்புறமா மாத்திக்கலாம். காலையில நீங்க செக் பண்ணது சாயங்காலம் வேற எங்கேயோ போகலாம். வாட்ஸ்அப்பில் தெரியும் குட்டிப் படத்தையும் நம்பாதீங்க, அது அனுப்புறவர் போனில் உருவாகுறது.

2024 அக்டோபர் 1 முதல் பதிவு செய்யாத லிங்க் உள்ள எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கச் சொல்லி டிராய் உத்தரவு போட்டிருக்கு. வாட்ஸ்அப்புக்கு அது கிடையாது.

லிங்க்கைத் தொட்டதாலேயே பெரும்பாலும் பணம் போகாது. அதுக்கப்புறம் கேட்கிற ஓடிபி, யுபிஐ பின், இறக்கச் சொல்ற ஏபிகே ஃபைல், இதுலதான் போகும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. அப்படியும் யாருக்காவது பணம் போயிட்டா, குரூப்ல புலம்புறதுக்கு முன்னாடி 1930-க்கு அடிக்கச் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னா அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கு.