மர நிழலில் செடி வைக்க மண்ணைத் தயார் செய்வோம்



வேம்பு, புங்கன், மா என வளர்ந்த மரங்கள் நம் வீடுகளில் உண்டு. அவற்றின் அடியில் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. மழையில் சேறு, வெயிலில் புழுதி. அதனால் நம்மில் சிலர் அந்த இடத்தைச் சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மழைநீர் நிலத்தில் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. அதற்குப் பதிலாக நிழலில் வளரும் செடிகளை வைக்கலாம். ஆனால் செடிக்காக வேரை வெட்டிவிடக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர்ப்பிடிப்பு குறைந்த மரம் வீட்டுக்கே ஆபத்து.

மரம் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓர் அடி ஆழத்திற்குள்தான் இருக்கும். எனவே:

1. இடம் முழுவதையும் மண்வெட்டியால் கொத்த வேண்டாம். முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் களைக்கொத்தால் செடிக்கு ஒரு சிறு குழி மட்டும் எடுங்கள். மண்ணைப் பிடித்தால் உதிர வேண்டும். களியாக ஒட்டினால் காயும்வரை பொறுங்கள்.

2. கட்டைவிரல் பருமனுள்ள வேர் தென்பட்டால் குழியை நகர்த்துங்கள். அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளியே வையுங்கள்.

3. எடுத்த மண்ணுடன் நன்கு மக்கிய சாண எரு அல்லது இலைமட்கைக் கலந்து குழியை மூடுங்கள். பச்சைச் சாணம் சூடு, வேரைக் கருக்கும். களிமண்ணில் கொஞ்சம் எம்-சாண்ட் கலந்தால் மண் மேலும் இறுகும்.

4. வெளிமண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டாம். வேர் மூச்சுத் திணறும். இரண்டு அங்குலத்திற்கு உதிர்ந்த இலைகளைப் பரப்பினால் போதும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

சித்தரத்தை, வெற்றிலை, பெரணி, மருள் ஆகியவை நிழல் தாங்கும். மணிபிளான்ட்டும் வளரும், ஆனால் அதன் இலையைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூறல் மழையை மரக்கிளைகளே தடுத்துவிடும். மண்ணில் உள்ள ஈரத்தையும் மரமே முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் ஆண்டில் மண் காயும்போதெல்லாம் நீர் ஊற்ற வேண்டும். ஒளூச் செய்த தண்ணீரில் சோப்பு இல்லை; அதை ஒரு வாளியில் பிடித்து ஊற்றலாம், வீணாகாது.

ஆவணி, புரட்டாசியில் தொடங்கினால் ஐப்பசி அடைமழைக்குள் செடி வேர் பிடித்துவிடும், இன்ஷா அல்லாஹ்.