சிறுநீர்க்கான் சுருக்கமும் ரோபோ சத்திரசிகிச்சையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் விலாவலி, கூடை சுமப்பதால் வந்ததென்று எளிதில் ஒதுக்கப்படுவதோடு, வலி தானாக நின்றால் நோயும் தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையும் நிலவுகிறது. இவற்றுள் பின்னதே அதிக ஆபத்தானது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுசெல்லும், ஏறத்தாழ 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமான சிறுநீர்க்கான், நெடுநாள் சிக்கிய கல்லாலோ, கல்லகற்றும்போதோ கருப்பையை அகற்றும்போதோ நேர்ந்த காயத்தாலோ, காசநோயாலோ தழும்பேறிச் சுருங்கினால், தேங்கும் சிறுநீரால் சிறுநீரகம் வீங்கி, வலியே இல்லாமலும் செயலிழக்கக்கூடும். ஆகவே, கல்லுக்குச் சிகிச்சை பெற்றவர் வைத்தியர் குறித்த தவணையில் ஸ்கேன் செய்துகொள்வது இன்றியமையாதது. மலையில் மலசலகூட வசதி இல்லாமையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும், அதனால் சிறுநீர் செறிவடைந்து கல் உருவாக ஏதுவாவதும் தொழிலிடத்தின் குறையே அன்றி அவர்களின் கவனக்குறைவு ஆகாது.

கல்லுக்கு மருந்தாகப் பருகப்படும் வாழைத்தண்டுச் சாறு தழும்பைக் கரைக்காது. அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிவதற்காக உள்ளே வைக்கப்படும் மெல்லிய குழாயான ஸ்டென்ட்டும் நிரந்தரத் தீர்வன்று. சில மாதங்களில் அதை அகற்றாமலோ மாற்றாமலோ விட்டால், அதன்மீதே உப்புப் படிந்து புதிய அடைப்பு உண்டாகும்.

சுருக்கத்தைச் சீரமைக்கும் சத்திரசிகிச்சையில் ரோபோ தானாகவே அறுத்துத் தைக்கிறது என்பது மற்றொரு தவறான எண்ணம். சத்திரசிகிச்சை நிபுணர் அருகிலுள்ள இயக்குமேசையில் அமர்ந்து, பெருப்பித்துக் காட்டப்படும் முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தவாறு, சிறு துளைகளின் வழியே செலுத்தப்பட்ட கருவிகளைத் தம் கைகளால் இயக்குகிறார். அவர் அசைக்காமல் கருவி அசையாது. நாளத்தில் ஏற்றப்படும் பச்சைச் சாயம் அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்வதைக் கொண்டு, இரத்தோட்டம் உள்ள நல்ல திசுவையும் நலிந்த திசுவையும் பிரித்தறிய முடிவது, தழும்பை மட்டும் அகற்றுவதற்குப் பேருதவியாகும்.

சுருங்கிய பகுதி குறுகியதாயின் அதனை வெட்டி முனைகளை இணைக்கலாம். சிறுநீர்ப்பைக்கு அருகிலாயின் சிறுநீர்க்கானைப் பையில் புதிதாகப் பொருத்தலாம். நீண்ட சுருக்கத்துக்குச் சிறுநீரகத்தையே அகற்ற வேண்டும் என்ற அச்சத்துக்கு மாறாக, கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டும் முறை உண்டு. எப்போதும் ஈரத்தில் இருந்து பழகிய அச்சவ்வு சிறுநீரையும் தாங்கவல்லது. 1999இல் தென்னாபிரிக்க மருத்துவர் நௌடே வெளியிட்ட இம்முறை, பின்னர் ரோபோ வழியாகவும் செய்யப்படலாயிற்று.

ரோபோ செல்வந்தருக்கே உரியது என்பதும் முழு உண்மையன்று. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022இல் ரோபோ சத்திரசிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. அத்தகைய கருவி இல்லாத இடத்திலும், இதே சீரமைப்புகளைத் திறந்த முறையிலோ நுண்துளை முறையிலோ தேர்ந்த நிபுணர் செய்ய இயலும் என்பதால், தோட்ட மருந்தகத்திலிருந்து பெரிய வைத்தியசாலைக்குச் செல்வதை ரோபோவுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.