மேன்முறையீட்டில் நீதி எப்படி நிறுக்கப்படுகிறது?

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவர் மேன்முறையீட்டில் விடுதலையானார் என்று செய்தி வரும்போது, "பணம் விளையாடிவிட்டது" என்று உடனே சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். மேன்முறையீடு என்றால் என்னவென்று படித்த பிறகு அவ்வளவு இலகுவாகச் சொல்ல முடியவில்லை.

மேன்முறையீடு இரண்டாவது விளக்கம் அல்ல. அங்கே சாட்சிகள் பொதுவாக மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. நீதியரசர்கள் வழக்கேட்டை வாசித்து மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். சான்றுகள் அந்தத் தீர்ப்பைத் தாங்குகின்றனவா? சட்டம் சரியாகப் பிரயோகிக்கப்பட்டதா? எதிரிக்கு நியாயமான விளக்கம் கிடைத்ததா? சாட்சியை நேரில் கண்டவர் விளக்க நீதிபதியே என்பதால், சாட்சியின் நம்பகத்தன்மை பற்றிய அவரது முடிவை இலகுவில் மாற்றமாட்டார்கள். சிறு தவறு நடந்திருந்தாலும் அதனால் நீதி பிறழவில்லை என்றால் தீர்ப்பைக் கவிழ்க்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை கூறுகிறது.

எமது குடாநாட்டின் வழக்கொன்றைப் பார்ப்போம். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் கைதடிக்குத் திரும்பினார். செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாய், தம்பி, அயலவர் மூவரும் உயிருடன் திரும்பவில்லை. கொழும்பில் ட்ரயல் அட் பார் முறையில் மூன்று நீதிபதிகள் விளங்கி, 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதித்தனர்.

நடந்ததைச் சொல்லப் பாதிக்கப்பட்டவர் உயிருடன் இல்லை. ஆகவே சந்தர்ப்பச் சூழ்நிலைச் சான்றே பெரும் பலமாக இருந்தது. அத்தகைய சான்று சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணியும் குற்றத்தையே காட்ட வேண்டும், வேறு நியாயமான விளக்கத்துக்கு இடமிருக்கக் கூடாது. குற்றவாளிகள் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற அடிப்படையை அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இவ்வளவு பாரதூரமான சான்றுகள் முன்னிருக்க, விளக்கம் எதுவும் தராமல் இருந்ததைக் கவனத்திற் கொள்ளலாம் எனக் கூறி, 2004இல் தண்டனையை உறுதிப்படுத்தியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் மதுரா வழக்கில், பொலிஸ் நிலையத்தில் வல்லுறவுக்கு உள்ளான பழங்குடிச் சிறுமியின் உடலில் காயமில்லை என்பதையும் காரணமாக்கி, மேல் நீதிமன்றம் விதித்த தண்டனையை 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் பகிரங்கக் கடிதம் எழுதினர். பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. இலங்கையிலும் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க உடற்காயம் அவசியமில்லை என்று தெளிவாக்கியது. இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயமும் எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி இல்லை. நம்பத்தகுந்த ஒரு பெண்ணின் சாட்சியமே போதுமானதாகலாம்.

அப்படியானால், மேன்முறையீட்டு உரிமை யாருக்காக? குற்றவாளிக்காக மட்டும் என்று முன்பு நினைத்தேன். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு எம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று சூறா அல்மாஇதாவில் ஓதியிருக்கிறோம். கோபத்தில் தவறான ஒருவரைத் தண்டித்தால், உண்மையான குற்றவாளி எம் தெருவிலேயே நடமாடுவான். மாறாக, எதிரிக்குரிய எல்லா உரிமைகளையும் கொடுத்த பின்னும் நிலைக்கும் தீர்ப்பை எவராலும் பழிவாங்கல் என்று சொல்ல முடியாது. செம்மணித் தீர்ப்பின் பலம் அதுதான்.

இனி "விடுதலை" என்ற செய்தியைக் கண்டால் தலைப்போடு நிற்க மாட்டேன். சான்று போதவில்லையா, விளக்கத்தில் தவறா, இல்லை மதுரா வழக்கைப் போல் நீதிமன்றமே பெண்ணைப் பிழையாக எடைபோட்டதா என்று தேடிப் பார்ப்பேன். முதலிரண்டும் என்றால் விசாரணையைத் திருத்தக் கேட்க வேண்டும். மூன்றாவது என்றால் சட்டத்தையே திருத்தக் கேட்க வேண்டும்.