அஞ்சற்பெட்டிக்கு ஒரு பூட்டு

நுழையும்முன்

நமக்கு வரும் மின்னஞ்சல் எங்கோ ஒரு கணினியில் கோப்பாகவே தங்கியிருக்கிறது. ஒரே கோப்பினை இரு நிரல்கள் ஒரே நேரத்தில் திருத்த முற்பட்டால் மடல்கள் சிதையும். அச்சிதைவைத் தடுக்க யுனிக்ஸ் கணினிகளில் கையாளப்பட்ட வழியை இப்பாடம் விளக்குகிறது.

யுனிக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலம் புழங்கிய அஞ்சற்பெட்டி வடிவம் எம்பாக்ஸ் எனப்படும். ஒருவருக்கு வரும் மடல்கள் அனைத்தும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். இக்கோப்பைத் தொடும் கைகள் இரண்டு. அஞ்சலைக் கொண்டுவரும் நிரல், கோப்பின் கடைசியில் புதுமடலை எழுதும். அஞ்சலைப் படிக்கும் நிரலோ, பயனர் ஒரு மடலை நீக்கினால் எஞ்சியவற்றைக் கொண்டு கோப்பினை மாற்றி எழுதும். அவ்வாறு எழுதும் வேளையில் புதுமடல் வந்தால் அது சுவடின்றி அழியலாம். ஒரு மடலின் நடுவே மற்றொன்று புகவும் கூடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அனுப்பியவர் மடல் சேர்ந்துவிட்டது என்றிருப்பார். பெறவேண்டியவர் அது வரவே இல்லை என்றிருப்பார். அழிந்தது ஒருவருக்கு வந்த பணி ஆணையாகவும் இருக்கலாம்.

இதற்குக் கண்ட தீர்வு பூட்டுக்கோப்பு. அஞ்சற்பெட்டியின் பெயரோடு 'டாட் லாக்' என்னும் பின்னொட்டைச் சேர்த்து, நிரல் ஒரு சிறு கோப்பை உருவாக்கும். அது இருக்கும்வரை பிற நிரல்கள் காத்திருக்கும். வேலை முடிந்ததும் உருவாக்கிய நிரலே அதை நீக்கிவிடும். பெயர்தான் பூட்டு, இரும்பின் உறுதி இதற்கில்லை. நெரிசல் மிக்க பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டு எவர் கையையும் பிடித்து நிறுத்துவதில்லை. அதை மதிப்பவருக்கே அது தடை. பூட்டுக்கோப்பும் அத்தகையதே. மதிக்காத நிரல் ஒன்று இருந்தாலும் காவல் பயனற்றுப்போகும்.

இருக்கை காலியா என்று பார்ப்பதற்கும் துண்டைப் போடுவதற்கும் இடையே ஒரு நொடி உண்டு. அந்நொடியில் இருவர் துண்டு போட்டால் சண்டைதான். ஆகவே, 'இல்லையெனில் மட்டும் உருவாக்கு' என்னும் பிளவுபடாத ஒரே கட்டளையை இயங்குதளம் வைத்திருக்கிறது. ஒற்றைக் கணினிக்கு இது போதும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்.எஃப்.எஸ். என்னும் வலையமைப்புக் கோப்பு முறையை உருவாக்கியது. ஒரு சேவையகத்தில் உள்ள கோப்பினைப் பல கணினிகள் தம்முடையதுபோல் திறக்க அது வழி செய்தது. ஆனால், அதன் இரண்டாம் பதிப்பில் மேற்சொன்ன கட்டளைக்கு இணையானது இல்லை. பார்ப்பது ஒரு வேண்டுகோளாகவும் உருவாக்குவது மற்றொரு வேண்டுகோளாகவும் பிரிந்து சென்றன. இரு கணினிகளும் பூட்டு தமக்கே கிடைத்ததென்று நம்ப இடம் ஏற்பட்டது.

இச்சிக்கலை அவிழ்த்த முறை நுட்பமானது. நிரல் முதலில், கணினியின் பெயரும் தன் செயல்முறை எண்ணும் கலந்து, வேறெவரும் வைக்க இயலாத பெயரில் ஒரு கோப்பை உருவாக்கும். பின்னர் அக்கோப்புக்குப் பூட்டின் பெயரை இரண்டாம் பெயராக இணைக்குமாறு சேவையகத்தை வேண்டும். அப்பெயர் முன்பே இருந்தால் இணைப்பு நிகழாது. எனவே, போட்டியிடுவோரில் ஒருவருக்கே அது வாய்க்கும்.

எனினும் வலையமைப்பில் விடை தொலைவதுண்டு. சேவையகம் பெயரை இணைத்துவிட்டது. விடையோ வழியில் தொலைந்தது. கணினி மீண்டும் கேட்கிறது. 'அப்பெயர் ஏற்கெனவே உள்ளது' என்கிறது சேவையகம். பூட்டியவரே, வேறெவரோ பூட்டிவிட்டார் என்று வெளியில் நிற்கும் நிலை! ஆதலால் வந்த விடையை நிரல் நம்புவதில்லை. தன் கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கிறது. இரண்டு எனில் பூட்டு தன்னுடையது. இம்முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தச் சரிபார்ப்பே.

துண்டு போட்டவர் பேருந்தில் ஏறாமலே போய்விட்டால்? பூட்டிய நிரல் இடையில் நின்றுபோவதும் அப்படித்தான். பழைய பூட்டை நீக்கத்தான் வேண்டும். ஆனால், கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. எனவே, சேவையகத்தில் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, அதன் நேரத்தோடு பூட்டின் நேரத்தை ஒப்பிடுவதே தக்கது. அப்போதும் இடர் முற்றிலும் நீங்காது. காத்திருக்கும் இருவரும் பழைய பூட்டைக் காண்கின்றனர். ஒருவர் அதை நீக்கித் தம் பூட்டை இடுகிறார். மற்றவரோ பழையது என எண்ணி அப்புதிய பூட்டை நீக்கிவிடக்கூடும்.

1995இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, பிளவுபடாத உருவாக்கக் கட்டளையைக் கொணர்ந்தது. நான்காம் பதிப்பு, குத்தகைபோல் காலவரையறை உடைய பூட்டினைத் தன்னுள்ளேயே கொண்டது. டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த மெய்ல்டிர் என்னும் வடிவம் வேறு வழியில் சென்றது. அதில் மடலுக்கு ஒரு கோப்பு. கோப்புக்குத் தனித்த பெயர். மடல் தற்காலிகக் கோப்புறையில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே புதியவற்றுக்கான கோப்புறையில் இடம்பெறும். அதனால் அங்கே பூட்டே தேவைப்படவில்லை.

கற்பவை கற்றபின்

மூவர் குழுவாகச் சேர்க. ஒருவர் சேவையகமாகவும் இருவர் நிரல்களாகவும் அமைந்து, விடை தொலையும் நிகழ்வை வகுப்பறையில் நடித்துக் காட்டுக.