கங்கைகொண்ட சோழபுரம் முதல் கடாரம் வரை: ஓர் ஆலயப் பயணம்

கடல் கடந்து செல்வது தமிழருக்குப் புதியதன்று. சென்ற இடமெல்லாம் இறைவனுக்கு ஓர் இடம் அமைத்து, அதன் பின்னரே தமக்கு ஒரு வீடு அமைத்துக் கொண்டவர்கள் நம் முன்னோர். கோயில் இல்லாத ஊர் குடியிருப்புக்கு உகந்ததன்று என்பது அவர்தம் உறுதியான கொள்கை. அவ்வாறு அவர்கள் கடலுக்கு அப்பால் எழுப்பிய ஆலயங்களைச் சென்று தரிசிக்க வேண்டும் என்னும் ஆவல் அன்பர்கள் பலருக்கும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழ்வோருக்கு இவ்வாவல் சிறப்பாக உரியது. ஏனெனில், மலேசிய நாட்டின் கடாரத்தோடு இம்மண்ணுக்கு உள்ள தொடர்பு ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது.

புறப்படும் இடம்

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அருகில் அமைந்துள்ளது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திர சோழன் (கி.பி. 1014–1044) கங்கைவரை படை செலுத்தி, அங்கிருந்து புனித நீர் கொணர்ந்து, இவ்வூரைத் தன் தலைநகராக அமைத்தான். அந்நீரைக் கொண்டு சோழகங்கம் என்னும் பேரேரியை நீர் வடிவான வெற்றித் தூணாக நிறுவினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. ஏறத்தாழ கி.பி. 1025ஆம் ஆண்டில் அவனது கடற்படை ஸ்ரீவிசயப் பேரரசின் துறைமுகங்களை நோக்கிச் சென்றது. அவற்றுள் தலையாயது கடாரம். அதுவே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலமாகும்.

இப்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆடித் திருவாதிரைப் பெருவிழா இங்குச் சிறப்புற நடைபெற்றது. ஆலயத்திற்குத் தென்மேற்கே மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்களோடு சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கீழ்த்திசைக் கடல் வணிகத்தின் பொருள்கள் இவ்வூர் அரண்மனைவரை வந்து சேர்ந்ததற்கு அவை சான்றாகும்.

எனவே, மலேசியா செல்லும் அன்பர்கள் தங்கள் பயணத்தை அருள்மிகு பிரகதீசுவரர் திருமுன்னிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீவிமானம் நேர்கோட்டில் உயர்ந்து செல்ல, இங்குள்ள ஸ்ரீவிமானம் வளைந்து நளினமாக உயர்வதையும், சண்டேசருக்குப் பெருமான் தம் திருக்கரத்தால் மலர்மாலை சூட்டும் அரிய சிற்பத்தையும் நிதானமாகக் கண்டு செல்லல் வேண்டும். இவ்வாலயம் 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பெரம்பலூர்ப் பகுதி அன்பர்கள் சிறுவாச்சூர் அருள்மிகு மதுரகாளியம்மனையும், கரும்பைக் கையில் ஏந்திக் காட்சி தரும் செட்டிகுளம் மலைமேல் அருள்மிகு தண்டாயுதபாணியையும் வணங்கிப் புறப்படலாம். சிறுவாச்சூரில் வழக்கமாகத் திங்கள், வெள்ளிக் கிழமைகளிலேயே அம்மன் தரிசனம் என்பதால், புறப்படும் நாளைக் கணக்கிடும்போது இதனையும் கருத்திற் கொள்க.

பகையும் நட்பும்

கடாரம் என்றவுடன் போர் வெற்றி ஒன்றையே நினைப்பது முழுமையான வரலாறு ஆகாது. படையெடுப்புக்கு முன்பே கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தைத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை நிறைவு செய்தான். சிவபாத சேகரன் எனப் போற்றப்பெற்ற முதலாம் இராசராசன், வேற்று நாட்டவர் எழுப்பிய, வேற்றுச் சமயத்தார்க்கு உரிய அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அறக்கொடையாக அளித்தான். பின்னர்ப் போர் மூண்டது. எனினும், போரோடு உறவு முடிந்துவிடவில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1090இல், கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று விகாரக் கொடைகள் மீண்டும் உறுதி செய்யப்பட்டன. லெய்டன் செப்பேடுகள் இவற்றைத் தெரிவிக்கின்றன.

வாளால் பெற்ற வெற்றி ஒரு தலைமுறைக்குள் பழங்கதையாயிற்று. அறத்தால் அமைந்த உறவு மீண்டும் துளிர்த்தது. கடாரம் செல்லும் அன்பர், வென்றவர் வழிவந்தோம் என்னும் செருக்கோடு செல்லாமல், உறவினர் இல்லம் செல்லும் பணிவோடு செல்லுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

பயணத்திற்கு ஆயத்தம்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களேனும் செல்லுபடியாகும் நிலையில் இருத்தல் வேண்டும். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்குவதற்கு மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் வழிவகை செய்தது. இச்சலுகை காலவரையறை உடையது. ஆதலின், பயணச்சீட்டு வாங்கும் முன்னரே அப்போதைய விதியை உறுதி செய்து கொள்க. இணையவழி வருகைப் பதிவை மலேசியா சென்றடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டும், தங்குமிட முகவரியும் கையில் இருத்தல் நலம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் திருச்சி விமான நிலையத்தை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் அடையலாம். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அங்குள்ள நாணயம் ரிங்கிட்.

பூசைப் பொருள்களைக் கொண்டு செல்வோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கற்பூரம், தீப்பெட்டி, உலர்ந்த கொப்பரைத் தேங்காய் ஆகியவை எளிதில் தீப்பற்றுவன ஆதலால் விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. நெய்யும் எண்ணெயும் 100 மில்லிக்கு மிகுந்தால் கைப்பையில் வைக்கலாகாது. மண், செடி, விதை ஆகியவற்றை உரிய அனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது. திருநீற்றை ஆலயப் பொட்டலமாகவே வைத்துக் கொள்க. தேவையான பூசைப் பொருள்கள் அங்குள்ள தமிழர் கடைகளிலேயே கிடைக்கும். நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் முதியோர், மருத்துவரின் சீட்டோடு மருந்துகளை அவற்றின் மூல உறையிலேயே கொண்டு செல்லல் வேண்டும். அந்நாட்டில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. ஆகவே, அறிமுகமற்றவர் தரும் பொதியை எக்காரணம் கொண்டும் பெறுதல் கூடாது.

இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை: சுற்றுலாவுக்கெனச் சென்று அங்கு வேலை பார்ப்பது சட்ட மீறலாகும். “முதலில் சுற்றுலாவாகச் செல்லுங்கள், வேலை அனுமதி பிறகு வரும்” என்று கூறும் தரகரை நம்பி, நிலத்தை அடகு வைத்துச் சென்று துயருறும் குடும்பங்கள் உண்டு. வேலைக்குச் செல்வோர் பதிவு பெற்ற முகவர் வாயிலாக, உரிய வேலை விசாவோடு மட்டுமே செல்லுதல் வேண்டும்.

தரிசன முறை

ஆறு நாட்கள் இப்பயணத்திற்குப் போதுமானவை. முதல் நாள் கோலாலம்பூர் அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம். 1873ஆம் ஆண்டு தோன்றிய இவ்வாலயத்திலிருந்தே தைப்பூசத்தின்போது வெள்ளித்தேர் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பயணக் களைப்புள்ள நாளாதலால், அம்மனைத் தரிசித்து ஓய்வெடுத்தல் நலம்.

இரண்டாம் நாள் விடியலில் பத்துமலை. கோலாலம்பூர் மத்திய நிலையத்திலிருந்து மின்தொடர் வண்டியிலேயே செல்லலாம். சுண்ணாம்புப் பாறைக் குகையில் எழுந்தருளியுள்ள முருகப்பெருமானை அடைய 272 படிகள் ஏற வேண்டும். அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயரத் திருவுருவம் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் உருவான இத்தலத்தில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. வெயில் ஏறுமுன் படியேறுதல் முதியோர்க்கு நன்று. ஏற இயலாதோர் அடிவாரச் சன்னிதிகளிலேயே வழிபடலாம். குரங்குகள் மிகுதியாதலின் பழம், பைகளைக் கவனத்துடன் வைத்திருக்க வேண்டும். தைப்பூசத்தின்போது பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடுவர். காவடி காண விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே தங்குமிடம் பதிவு செய்க. அமைதியான தரிசனம் விரும்புவோர் வேறு நாட்களைத் தேர்க.

மூன்றாம் நாள் தொடர்வண்டியில் வடக்கே சுங்கைப்பட்டாணி சென்று தங்கி, நான்காம் நாள் பூசாங் பள்ளத்தாக்கைக் காணலாம். இதுவே பழைய கடாரம். 1,217 மீட்டர் உயரமுள்ள செராய் மலை இதன் மேல் நிமிர்ந்து நிற்கிறது. வங்கக்கடலைக் கடந்துவந்த மாலுமிகளுக்கு அம்மலையே கரைகாட்டும் அடையாளமாயிற்று. இங்கு இந்து, பௌத்த ஆலயங்களின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் புக்கிட் பத்து பகாட் என்னும் இடத்திலுள்ளது பெரியது. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட சிவாலய அமைப்புடையது. மரத்தூண்களும் கூரையும் அழிந்து போக, கல் அடித்தளமும் தூண் தாங்கிய கற்களும் எஞ்சியுள்ளன. அடித்தளத்தில் கற்பேழைகளும் வைக்கப்பட்டிருந்தன. ஆலயம் எழுப்புமுன் நம் சிற்பிகள் செய்யும் கர்ப்பந்நியாசத்தை அவை நினைவூட்டுகின்றன. அருகிலேயே அருங்காட்சியகம் உள்ளது. இங்கு நித்திய பூசை இல்லை. கற்பூரம் ஏற்றுதல், கற்களின் மீது ஏறுதல் தவிர்த்து, மௌனமாக நின்று வணங்குவதே முறை. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி.

ஐந்தாம் நாள் பினாங்கு. 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயத்தையும், 513 படிகள் கொண்ட தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தையும் தரிசிக்கலாம். செட்டிகுளத்தில் வணங்கிய தண்டாயுதபாணியையே கடலுக்கு அப்பாலும் மலைமேல் காணும்போது உள்ளம் உருகாதார் இல்லை. ஆறாம் நாள் கோலாலம்பூர் வழியாகத் திருச்சி திரும்பலாம்.

நினைவில் நிறுத்த வேண்டியோர்

இவ்வாலயங்களைத் தரிசிக்கும்போது, இவற்றைக் காத்தவர்களையும் நினைத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், கங்காணிகள் வாயிலாகத் தோட்டத் தொழிலுக்குச் சென்ற தமிழர் பல இலட்சம் பேர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் அவர்களுள் பலர். காட்டை அழித்து இரப்பர் மரம் நட்ட அவர்கள், தோட்டந்தோறும் ஒரு மாரியம்மனுக்கோ முனீசுவரருக்கோ தகரக் கூரையிட்ட சிறு கோயிலேனும் எழுப்பினர். இரண்டாம் உலகப்போரின்போது சயாம்–பர்மா இரயில்பாதைப் பணியில் உயிர் நீத்தோர் அவர்களுள் பல்லாயிரவர். இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அந்நாட்டில் இயங்குவது அவர்தம் உழைப்பின் பயனாகும். எனவே, அங்குள்ள அன்பர்களிடம் நின்று நான்கு சொல் பேசுக. ‘உங்கள் பாட்டனார் எந்த ஊர்?’ என்று அவர்கள் வினவுவதில் உள்ள ஏக்கத்தைப் புரிந்து கொள்க.

கல்லைக் காப்பது கடமை

கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் கடாரத்திற்கும் மற்றுமோர் ஒற்றுமை உண்டு, அது வருந்தத்தக்கது. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத் திருமதிலின் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. 2013ஆம் ஆண்டு பூசாங் பள்ளத்தாக்கில் பழைமையான ஆலய அடித்தளம் ஒன்று நிலச் சீரமைப்புப் பணியில் தகர்க்கப்பட்டது. முதலாவதைச் செய்தோர் நீர்ப்பாசனம் கருதினர். இரண்டாவதைச் செய்தோர் கட்டுமானம் கருதினர். அங்கிருப்பது இன்னதென்று அறிந்து, அதனைப் போற்றுவோர் அருகில் போதுமான அளவு இல்லாமையே இரண்டு இழப்புகளுக்கும் காரணம். ஒருமுறை பெயர்த்த கல் மீண்டும் தன் இடம் சேர்வதில்லை.

ஆகவே, கடல் கடந்து சென்று திரும்பும் அன்பர்கள் கொண்டுவரத்தக்கது கடைப்பொருள்கள் மட்டுமன்று; தம் ஊர்க் கோயிலைப் புதிய கண்களோடு காணும் பார்வையே ஆகும். பராமரிப்பின்றிச் செடி முளைத்த ஒரு மதில், எழுத்துகள் சுண்ணாம்பால் மறைந்த ஒரு கல்வெட்டு, குப்பை நிறைந்த ஒரு திருக்குளம் நம் ஊரிலும் இருக்கலாம். ஒரு நாள் உழவாரப் பணியில் பங்கு கொள்வதும், பிள்ளைகளை அழைத்துச் சென்று வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பதும் யாத்திரையின் நிறைவுப் பகுதியாக அமைதல் வேண்டும். திரும்பி வந்தபின், ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழும் அன்னாபிஷேகத்தைக் கண்டு வழிபட்டால் பயணம் தொடங்கிய இடத்திலேயே இனிது நிறைவெய்தும்.

கடல் கடந்தும் காத்தருளும் பெருவுடையார் திருவருள், செல்லும் அன்பர் அனைவர்க்கும் வழித்துணையாக விளங்குவதாக.